மணியில் பூசிய வினைபொருள்

ஆய்வுக்கூடத்தில் ஒரு வேதிவினையைத் தொடங்கி வைப்பது எளிது. வேண்டிய நேரத்தில் நிறுத்துவதுதான் கடினம். வினைபொருள் கரைசலில் கலந்துவிட்டால் அதை அடக்க இன்னொரு வேதிப்பொருளைச் சேர்க்க வேண்டும். இதற்கு ஒரு மாற்றுவழி, வினைபொருளைக் கண்ணாடி மணிகளின் மேல் பூசிவிடுவது.

பிரியாணிக்குப் பட்டை, கிராம்பைத் துணியில் முடிந்து கொதிநீரில் போடுவார்கள். மணம் இறங்கியதும் முடிச்சை எடுத்துவிடுவார்கள். மணிகளும் அப்படித்தான். ஆனால் மணியின் மேலுள்ள பூச்சு நீரில் கரைந்து இறங்குவதில்லை. அதன் மேற்பரப்பிலேயே வினை நடக்கிறது.

ஐயோடோஜென்

உயிர்வேதியியல் பாடத்தில் நான் அறிந்துகொண்ட சிறந்த எடுத்துக்காட்டு ஐயோடோஜென். இன்சுலின் போன்ற புரதங்களுடன் கதிரியக்க அயோடினை இணைக்க இது உதவுகிறது. 1962இல் ஹன்டரும் கிரீன்வுட்டும் இதற்குக் குளோரமின்-டி என்னும் பொருளைப் பயன்படுத்தினர். அது நீரில் கரைவது, வேகமானது. ஆனால் புரதத்தையே சிதைக்கக்கூடும். வினையை நிறுத்தச் சேர்க்கும் பொருளும் சில புரதங்களுக்குக் கேடு செய்யும்.

1978இல் ஃபிரேக்கரும் ஸ்பெக்கும் நீரில் மிகக் குறைவாகவே கரையும் ஐயோடோஜென்னை அறிமுகப்படுத்தினர். அதைப் பயன்படுத்தும் முறை இதுதான்:

1. ஐயோடோஜென்னைக் குளோரோஃபார்ம் போன்ற கரைப்பானில் கரைத்து, மணிகளின் மேல் அல்லது கண்ணாடிக் குழாயின் உட்புறத்தில் ஊற்றுவர்.
2. நைட்ரஜன் வாயுவை மெல்லச் செலுத்திக் கரைப்பானை ஆவியாக்கினால் மெல்லிய படலம் ஒட்டிக்கொள்ளும்.
3. புரதக் கரைசலையும் அயோடைடையும் சேர்ப்பர். படலம் அயோடைடை ஆக்சிஜனேற்றம் செய்ய, அயோடின் புரதத்திலுள்ள டைரோசினில் இணைகிறது.
4. சில நிமிடங்களில் கரைசலை மணிகளிலிருந்து பிரித்தால் வினை நின்றுவிடும்.

மணிகளால் இன்னொரு நன்மையும் உண்டு. 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மணியின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீட்டர். 20 மணிகள் என்றால் 565. கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் பாசிமணி வாங்குவதுபோல் எண்ணிப் போட்டே வினையின் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம்.

நமக்கென்ன?

1960 வாக்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இரத்தத்திலுள்ள இன்சுலினை அளக்கும் முறையைக் கண்டனர். கதிரியக்க இன்சுலினும் நோயாளியின் இன்சுலினும் ஓர் எதிர்ப்பொருளுக்காகப் போட்டியிடும். நோயாளியின் இன்சுலின் கூடக்கூட, ஒட்டும் கதிரியக்கம் குறையும். இணைக்கும்போதே இன்சுலின் சிதைந்திருந்தால் எதிர்ப்பொருள் அதை அடையாளம் காணாது, கணக்கும் பிழைக்கும். மென்மையான வினை வேண்டும் என்பது இதனால்தான்.

பெரியவர்களுக்கு வரும் நீரிழிவில் இன்சுலின் பெரும்பாலும் இரத்தத்தில் இருக்கவே செய்கிறது, உடல்தான் அதற்குச் சரிவர இணங்குவதில்லை என்ற தெளிவுக்கு அந்த அளவீடு வழிகாட்டியது. 1977இல் யாலோ நோபல் பரிசு பெற்றார். பெர்சன் 1972இலேயே மறைந்துவிட்டார்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு! 'இனிப்பு நீர்' இல்லாத வீடு நம்மிடையே அரிது.

இன்று மருத்துவமனைகளில் கதிரியக்கத்திற்குப் பதிலாக ஒளி உமிழும் பொருள்களே பெரும்பாலும் பயன்படுகின்றன. ஆனால் மணி மறையவில்லை. எதிர்ப்பொருள் பூசிய நுண்ணிய காந்தமணிகளில் ஹார்மோன் ஒட்டிக்கொள்ள, காந்தத்தால் மணிகளைப் பிடித்து வைத்து மற்றவற்றைக் கழுவிவிடுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் தைராய்டு பரிசோதனைக்கு ஒருவர் கொடுக்கும் இரத்தமும் இத்தகைய மணிகளைச் சந்திக்கக்கூடும்.

தமிழ்ப்பள்ளியில் தமிழிலும், இடைநிலைப்பள்ளியில் மலாயிலும், இங்கே ஆங்கிலத்திலும் அறிவியல் கற்றவர்கள் நம்மில் பலர். ஆய்வறிக்கை வீட்டுக்கு வரும்போது, அதிலுள்ள எண் எப்படிக் கிடைத்தது, எதைச் சொல்கிறது என்று பெற்றோருக்குத் தமிழில் விளக்க நம்மால் முடியும். அதை நாம்தான் செய்ய வேண்டும்.