சிறார்க்குச் சமச்சீர் பயிற்றுமாறு

சமச்சீர் என்னுஞ் சொல் கணக்கு நூலில் ஓர் இலக்கணத்தோடு தொடங்குகின்றது. ஓர் உருவத்தை ஒரு கோடு இரு கூறாகப் பிரிக்க, ஒரு கூறு மற்றதன் கண்ணாடி நிழல்போல் அமையுமாயின் அவ்வுருவம் சமச்சீருடையது என்பது அவ்விலக்கணம். எட்டு வயதுச் சிறுவன் இதனை நெட்டுருச் செய்து ஒப்புவித்தல் அரிதன்று. ஆயின், ஒப்புவித்த அவன் கையில் ஒரு செவ்வகத் தாளைக் கொடுத்து, "இதன் மூலைவிட்டம் சமச்சீர்க் கோடு ஆகுமா?" என வினவின், "ஆகும்" என எளிதிற் கூறிவிடுவான். இலக்கணம் நாவில் நின்றது. பொருள் கைக்கு எட்டவில்லை.

இக்குறை நீங்கும் வழி யாது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது. மக்கள் மொழியை வழங்கிய பின்னரே அதற்கு இலக்கணம் வகுக்கப்பட்டது. வடிவத்திற்கும் அம்முறையே பொருந்தும் என்பது எமது துணிபு. மடித்தல், திருப்புதல், பெயர்த்தல் என்னும் மூன்று செயல்களையும் சிறாரின் கை முன்னர் அறிதல் வேண்டும். அவற்றின் பெயர்களை நா பின்னர் அறியும்.

இக்கருத்து புதியதன்று. ஜெர்மனி நாட்டினராகிய பிரடெரிக் புரோபெல் (1782–1852) என்பார் 1837-இல் இளஞ்சிறார்க்கென ஒரு பள்ளி நிறுவி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்டன் எனப் பெயரிட்டார். தாளை மடித்தலும் கத்தரித்தலும் அவர்தம் முறையிற் பயிற்சிகளாய் இடம்பெற்றன. அம்மடிப்புப் பயிற்சியால் தூண்டப்பெற்ற சுந்தர ராவ் என்னும் நம் நாட்டறிஞர், 1893-இல் சென்னையில் ஓர் ஆங்கில நூலை வெளியிட்டார். சதுரத் தாளை மடித்தே ஐங்கோணம், அறுகோணம் முதலிய ஒழுங்கு வடிவங்களை அமைக்குமாற்றை அந்நூல் கூறுகின்றது. பெலிக்ஸ் கிளைன் என்னும் ஜெர்மன் கணித அறிஞர் அதனைத் தம் நூலிற் குறிப்பிட்டார். 1901-இல் அது சிகாகோவிலும் பதிப்பிக்கப்பெற்றது. வடிவங்களை இயக்கும்பொழுது அவற்றின்கண் மாறாது நிற்பவை எவை என ஆராய்வதே வடிவியல் என 1872-இல் நிலைநாட்டியவரும் அக்கிளைனே. ஆதலின், தாளை மடித்துப் பார்க்குஞ் சிறுவன் அப்பெரியோர் சென்ற நெறியிலேயே முதலடி வைக்கின்றான்.

மடித்தல்

பழைய செய்தித்தாளும் ஒரு கத்தரிக்கோலும் போதும். தாளை ஒருமுறை மடித்து, மடிப்போரத்தில் அரை இலையின் வடிவை வெட்டச் செய்க. பிரிக்குமுன், "என்ன தோன்றும்?" என ஒவ்வொருவரையும் வினவுதல் வேண்டும். இவ்வினாவே பாடத்தின் உயிர்; முன்னர்க் கருதிப் பின்னர்க் காண்பதால் அறிவு நிலைபெறுகின்றது. மடிப்போரத்தை விட்டுத் திறந்த ஓரத்தில் வெட்டிய சிறுவனுக்கு ஓரிலை கிடையாது. நடு முழுதாய் நிற்க, தாளின் இருபுறமும் அரையிலை குறைந்திருக்கும். அவனைக் கடிதல் வேண்டா. மடிப்புக் கோடே கண்ணாடியாய் நின்றது என்பதனை ஆசிரியர் கூறாமலே அவன் உணர்ந்து கொள்வான்.

இனி, முற்கூறிய செவ்வகத்தை மூலைவிட்டத்தின் வழியே மடிக்கச் செய்க. மூலைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் இருபுறமும் நீண்டு நிற்கும். சிறுவன் திகைப்பான், இரு கூறும் அளவில் ஒத்தனவாயிற்றே என்பான். உண்மையே. அக்கோட்டின் வழியே வெட்டி, ஒரு முக்கோணத்தை அரைவட்ட அளவு திருப்பி மற்றதன்மேல் வைப்பின், இரண்டும் இம்மியும் பிசகாமற் பொருந்தும். ஒத்த கூறுகளாதல் வேறு, மடித்தாற் பொருந்துதல் வேறு என்னும் வேற்றுமையை ஒரு நாழிகைச் சொற்பொழிவினும் இத்தாள் தெளிவாக விளக்கும்.

நம் எழுத்துக்களும் இதற்கு உதவும். 'ப' என்பதை நேர்கோடுகளால் எழுதிக் கண்ணாடியைப் பக்கத்தில் வைப்பின் 'ப' என்றே தோன்றும். 'க' அவ்வாறு தோன்றாது. 'விகடகவி' என்னுஞ் சொல் முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே படிக்கப்படும்; ஆயின் கண்ணாடியில் அவ்வெழுத்துக்கள் புரண்டு தோன்றும். எழுத்தின் வரிசைக்கு உள்ள சீர் அதன் வடிவுக்கு இல்லை என்பதனைச் சிறார் நகைத்துக்கொண்டே கற்பர்.

திருப்புதல்

அட்டையில் வெட்டிய உருவத்தைத் தாளின்மேல் வைத்து அதன் ஓரத்தை வரைந்து, நடுவில் ஒரு முள்ளைக் குத்தி, மெல்லத் திருப்புக. ஒரு மூலைக்கு மையிட்டு வைத்தால், முழுச்சுற்று முடிந்தமை விளங்கும். ஒரு சுற்றில் உருவம் வரைந்த கோட்டோடு எத்தனை முறை பொருந்துகின்றது என எண்ணச் சொல்க. சதுரம் நான்கு முறையும், சமபக்க முக்கோணம் மூன்று முறையும், செவ்வகம் இரண்டு முறையும் பொருந்தும். ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிகளையும் சம தொலைவில் இட்டால், அதுவும் மும்முறை பொருந்தும்.

ஈண்டு இணைகரம் தனிச்சிறப்புடையது. சதுரமும் செவ்வகமும் சாய்சதுரமும் அல்லாத இணைகரத்தை எவ்வாறு மடித்தாலும் பொருந்தாது. திருப்பினாலோ இரண்டு முறை பொருந்தும். மடிப்புச் சீர் இல்லாதவிடத்தும் திருப்புச் சீர் உண்டு என இதனாற் பெறப்படும்.

பெயர்த்தல்

வெண்டைக்காயைக் குறுக்கே அரிந்து மையில் தோய்த்து, ஒரே தொலைவு விட்டு வரிசையாக அச்சிடச் செய்க. உருவம் மடியாமலும் திரும்பாமலும் இடம் மட்டும் மாறிச் செல்லும். சேலைக் கரையும் பாயின் ஓரமும் இவ்வாறு அமைந்தவற்றைச் சிறார் தாமே வீட்டிற் கண்டு வந்து கூறுவர்.

கோலம்

இம்மூன்றும் ஒருங்கே விளங்குமிடம் தமிழர் இல்லத்து வாயில். நேர்ப்புள்ளி வகையில் 1, 3, 5, 7, 5, 3, 1 என இட்டால் புள்ளிகள் 25 ஆகும். அவற்றைக் கால்வட்டம் திருப்பினும் அமைப்பு மாறாது. இடைப்புள்ளி வகையில் 4, 5, 6, 7, 6, 5, 4 என இட்டால் 37 ஆகும். புள்ளிகளிடையே தொலைவு ஒத்திருப்பின், ஆறில் ஒரு சுற்றுத் திருப்பினும் மாறாது. இப்புள்ளிகளைச் சூழ்ந்து செல்லுஞ் சிக்குக் கோலங்கள் பலவற்றில் மடிப்புச் சீர் மறைந்து திருப்புச் சீர் மட்டும் எஞ்சும். மெல்லிய தாளில் அதனை வரைந்து, மடித்து வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்குஞ் சிறுமி இதனை நொடியிற் காண்பாள்.

தாம்பரத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியராய் விளங்கிய கிப்ட் சிரோமணி அவர்களும் உடனாய்ந்தோரும் 1970-ஆம் ஆண்டுகளில் கோலங்களின் அமைப்பைக் கணித விதிகளாற் புலப்படுத்தினர். கணினி அறிவியலார்க்கு ஆராய்ச்சிப் பொருளாய இக்கலையைச் சிறுமியர் தாயின் பக்கத்திருந்தே பயில்கின்றனர். தாள் இன்றி, அளவுகோல் இன்றி, விரலிடை வழியும் மாவினால் நாற்றிசையும் ஒப்பப் புள்ளி வைக்கின்றவளை, வடிவியல் வாராதவள் எனப் பள்ளியில் பின்வரிசையில் அமர்த்துதல் எத்துணைக் கொடுமை! அவளுக்கு வாராதது வடிவியல் அன்று, நூலின் சொற்களே. அவள் கை அறிந்ததற்கு இன்ன பெயர் என எடுத்துக்காட்டுவதே ஆசிரியர் செய்யத்தக்கது. அவ்வாறு செய்யின், இலக்கணம் அவளுக்குப் புறத்தேயிருந்து வந்த சுமையாகாது. தன் பொருளுக்குத் தான் பெற்ற பெயராகும்.

விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்கள், மாலைப்பொழுதில் அரைமணி நேரம் தெருச் சிறாரைக் கூட்டி, ஒரு தாளையும் ஒரு முள்ளையும் கொடுத்துப் பார்ப்பாராக. விடையை விரைந்து கூறாதிருத்தல் ஒன்றே அவர் கைக்கொள்ளற்பாலது.