தீவு அமிழ்ந்தாலும் வளையம் நிற்கும்

கரையோரப் பவளப்பாறை, தடுப்புப் பவளப்பாறை, வட்டப் பவளத்தீவு ஆகிய மூன்றையும் மாணவர்கள் பிழையின்றி வரையறுக்கின்றனர். இவற்றுக்குள் என்ன தொடர்பு என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. ஆகவே, தென் பசிபிக்கில் உள்ள சொசைட்டி தீவுகளைக் கொண்டு இப்பாடத்தை நடத்துகிறேன்.

இவை தணிந்த எரிமலைகள். புவியின் ஆழத்திலுள்ள வெப்பப்புள்ளியிலிருந்து பாறைக்குழம்பு மேலெழுந்து இத்தீவுகள் ஒவ்வொன்றாக உருவாயின. பசிபிக் தட்டு ஆண்டுக்குச் சுமார் 10 செ.மீ. வடமேற்காக நகர்வதால், உருவான எரிமலை வெப்பப்புள்ளியை விட்டு விலகித் தணிந்துவிடுகிறது. வடமேற்கே செல்லச் செல்லத் தீவின் வயது கூடும்.

கரும்பலகையில் தென்கிழக்கிலிருந்து நான்கு தீவுகளையும் அவற்றின் உயரத்தையும் எழுதுகிறேன். தாஹிட்டி 2,241 மீட்டர். போரா போரா 727 மீட்டர். மௌபிட்டி 400 மீட்டருக்கும் குறைவு. மௌபிஹாவில் மலையே இல்லை, பவள வளையம் மட்டுமே. "மலை குறைஞ்சுக்கிட்டே போகுது ஐயா" என்று மாணவர்களே கண்டுபிடிக்கின்றனர். மழையும் ஓடைகளும் மலையை அரிக்கின்றன. அடியிலுள்ள தட்டு குளிர்ந்து தாழ, தீவும் உடன் அமிழ்கிறது.

அடுத்தது செயல்பாடு. கண்ணாடித் தொட்டியில் களிமண் மலை ஒன்றை வைத்துச் சிறிது தண்ணீர் ஊற்றவும். நீர்விளிம்பைச் சுற்றி வெள்ளை வண்ணக் களிமண்ணால் வளையம் அமைக்கவும். தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் வளையத்தை அதே இடத்தில் நீர்மட்டம் வரை உயர்த்தவும். முதலில் மலையை ஒட்டியிருந்த வளையம் விலகி நிற்கும். இடையில் காயல் தோன்றும். இறுதியில் மலை மறைந்து வளையம் எஞ்சும். இயற்கையில் தாழ்வது தீவு என்பதை இங்கே மறவாமல் கூற வேண்டும்.

இவ்விளக்கத்தை 1842இல் நூலாக வெளியிட்டவர் சார்லஸ் டார்வின். 1952இல் மார்ஷல் தீவுகளின் எனிவெடோக் வளையத்தில் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை கிடைத்தது. டார்வின் கூறியது உறுதியானது.

பின்னர் வளையத்தை உயர்த்தாமல் இன்னும் இரண்டு குவளை தண்ணீர் ஊற்றுகிறேன். வளையமும் மூழ்கிவிடுகிறது. பவள உயிரிகள் வாழ ஒளி படும் ஆழமற்ற நீர் வேண்டும். கடல் வெப்பமடைந்தால் அவை வெளிறி மடிகின்றன. சில மீட்டர் உயரமே உள்ள இத்தகைய வளையங்களில் மக்கள் வாழ்கின்றனர். "அவங்க எங்க போவாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். அக்கேள்வியையே மதிப்பீட்டு வினாவாக வைத்துக்கொண்டேன்.