முதலில் நிற்கக் கற்றுக்கொடுங்கள்

பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் ரோபோ போட்டிக் குழுக்களுக்கு நான் வழிகாட்டத் தொடங்கிய காலத்தில், மாணவர்களின் ரோபோக்கள் வயரில்தான் ஓடின. ஒரு சோப்பு டப்பாவில் இரண்டு டிபிடிடி சுவிட்சுகள். அதிலிருந்து ரோபோவுக்கு நீளமான வயர். வயர் சக்கரத்தில் சிக்காமல் இருக்க, அதைத் தூக்கிப் பிடித்தபடி கூடவே ஓட ஒரு மாணவன். சுவிட்சை முன்னால் தள்ளினால் மோட்டார் முழு வேகத்தில் சுற்றும். கையை எடுத்தால் நின்றுவிடும்.

பிறகு வீடியோ கேம் ரிமோட்டுகள் வந்தன. சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் பிஎஸ்2 வகை வயர்லெஸ் ரிமோட் சில நூறு ரூபாய்க்கே கிடைத்தது. இரண்டு ஸ்டிக், பதினாறு பட்டன். ஆர்டுயினோவில் அதைப் படிக்க பில் போர்ட்டர் எழுதிய இலவச நிரல் நூலகம் இருந்தது. ஒரே மாலையில் ரோபோவை ஓட்டிவிடலாம். நாங்களும் ஓட்டினோம். அந்த மகிழ்ச்சியில் ஒன்றைக் கவனிக்கத் தவறினோம்: பழைய வயர் அறுந்தால் ரோபோ தானாகவே நின்றுவிடும். வயர்லெஸ்ஸில் இணைப்பு அறுந்தால் ரோபோ நிற்க வேண்டும் என்பதை நாம்தான் நிரலில் எழுதியாக வேண்டும்.

அந்தப் பாடம் போட்டிக்கு முந்தைய நாள் வந்தது. மேசையருகே சும்மா நின்றிருந்த எங்கள் பன்னிரண்டு கிலோ ரோபோ திடீரென முழு வேகத்தில் பின்னோக்கிப் பாய்ந்து இரும்பு பீரோவில் மோதியது. வழியில் நின்ற மாணவி காலை இழுத்துக்கொண்டதால் தப்பினார். ரிமோட்டை வைத்திருந்த மாணவன் வெளிறிப்போய், "சார், நான் கையே வைக்கலை சார்!" என்றான். அவன் சொன்னது உண்மை. ரோபோவில் ரிமோட்டின் சைகையைப் பெறும் ரிசீவரின் ஜம்பர் வயர் ஒன்று கழன்றிருந்தது.

வயர் கழன்றால் ரோபோ ஏன் ஓட வேண்டும்? இந்த ரிமோட்டில் ஸ்டிக்கை மேலே முழுதாகத் தள்ளினால் 0, நடுவில் விட்டால் 128 அருகே, கீழே முழுதாக இழுத்தால் 255 என்று மதிப்பு வரும். ரிசீவர் பேசாதபோது டேட்டா வயர் புல்-அப் மின்தடை மூலம் உயர்நிலையிலேயே நிற்கும். அதை ஆர்டுயினோ எல்லாப் பைட்டும் 255 என்று படித்துக்கொள்ளும். பட்டன்களில் 1 என்றால் அழுத்தவில்லை என்று பொருள். ஆக, அறுந்துபோன இணைப்பு நிரலின் கண்ணுக்கு, எந்தப் பட்டனையும் தொடாமல் இரண்டு ஸ்டிக்கையும் முழுதாகக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் ஓட்டுநராகத் தெரிகிறது. நிரல் சொன்னபடி செய்தது. தவறு எங்களுடையது.

அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் ஒரு வரிசை உண்டு. ரோபோவுக்கு முதலில் நிற்கக் கற்றுக்கொடுப்போம், பிறகு ஓட. அந்த வரிசையிலேயே நான் கற்றவற்றைச் சொல்கிறேன்.

நிற்கச் செய்வது எப்படி

ரிமோட் அனுப்பும் பதிலின் இரண்டாம் பைட், அது எந்த முறையில் இயங்குகிறது என்பதைச் சொல்கிறது. அனலாக் முறையில் அது பதினாறடிமான எண்ணில் 73. பட்டன் அழுத்தத்தையும் அனுப்பினால் 79. இந்த இரண்டில் ஒன்று வராவிட்டால் ஸ்டிக் மதிப்பைத் தொடவே கூடாது. மோட்டாருக்கு 0 அனுப்ப வேண்டும். ரிமோட்டில் அனலாக் பட்டனைத் தவறுதலாக அழுத்தி டிஜிட்டல் முறைக்குப் போனாலும் இந்த ஒரு சோதனை காப்பாற்றும்.

அடுத்தது நேரக் கணக்கு. சரியான பதில் கடைசியாக வந்த நேரத்தைக் குறித்துவையுங்கள். 200 மில்லிநொடிக்கு மேல் பதில் இல்லையென்றால் மோட்டார் நிற்கட்டும். பிஎஸ்4 ரிமோட்டை இஎஸ்பி32 பலகையோடு புளூடூத்தில் இணைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இணைப்பு அறுந்ததை புளூடூத் முறைப்படி அறிவிக்கப் பல நொடிகள் ஆகலாம். அதற்குள் ரோபோ மைதானத்தைத் தாண்டிவிடும். புளூடூத் சொல்லட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே கணக்கு வையுங்கள்.

மூன்றாவது, நிரலே உறைந்துபோகும் நிலை. மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிக்கும் பிடபிள்யூஎம் அலையை உருவாக்குவது சில்லுக்குள் இருக்கும் டைமர். நிரல் எங்கோ சிக்கி நின்றாலும் டைமர் கடைசி வேகத்தையே அனுப்பிக்கொண்டிருக்கும். ஆர்டுயினோ ஊனோவின் சில்லில் வாட்ச்டாக் டைமர் இருக்கிறது. அதை 250 மில்லிநொடிக்கு அமைத்துவிட்டால், நிரல் உறைந்ததும் பலகை தானே ரீசெட் ஆகும். தொடக்கத்தில் எல்லா மோட்டாரும் 0 என்று எழுதியிருந்தால் ரோபோ நின்றுவிடும்.

இவ்வளவுக்கும் மேல், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தையே துண்டிக்கும் பெரிய சிவப்புச் சுவிட்ச் ஒன்று ரோபோவின் உச்சியில் இருக்க வேண்டும். சில மலிவு ரிசீவர்கள், ரிமோட் அணைந்த பிறகும் கடைசி மதிப்பையே திரும்பத் திரும்பச் சொல்லும். அதை நிரலால் நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்டிக்கைத் தள்ளிப் பிடித்தபடி ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். சக்கரம் தொடர்ந்து சுற்றினால் அந்த ரிசீவரை ஒதுக்கிவிடுங்கள். சோதனை முழுவதையும் ரோபோவை இரண்டு மரக்கட்டைகள் மேல் வைத்து, சக்கரம் தரையில் படாமல் செய்யுங்கள்.

வயரும் மின்சாரமும்

நாங்கள் நிரலில் பிழை தேடிய இரவுகளில் பாதி, உண்மையில் வயரில் தேடியிருக்க வேண்டிய இரவுகள். பிஎஸ்2 ரிசீவர் 3.3 வோல்ட்டில் இயங்குவது. ஊனோவின் பின்கள் 5 வோல்ட் அனுப்புபவை. கிளாக், கமாண்ட், அட்டென்ஷன் ஆகிய மூன்று வயர்களிலும் லெவல் கன்வர்ட்டர் போடுங்கள். ஊனோவின் 3.3 வோல்ட் பின் 50 மில்லி ஆம்பியர்தான் தரும். ரிசீவருக்குத் தனி ரெகுலேட்டர் வைத்தால் நல்லது. மோட்டார் கிளம்பும் நொடியில் பேட்டரி வோல்ட்டேஜ் சரியும். அப்போது ரிசீவர் ரீசெட் ஆனால் ரோபோ திக்கித் திக்கி ஓடும். கிரவுண்ட் மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கட்டும். ஜம்பர் வயரை நம்பி மேடை ஏறாதீர்கள். சால்டர் செய்யுங்கள், முடியாவிட்டால் ஹாட் க்ளூவாவது வையுங்கள்.

ஸ்டிக்கைக் கைக்குப் பழக்குவது

நின்ற ரோபோவை இனி ஓட்டலாம். கையை எடுத்த பிறகும் ஸ்டிக் சரியாக 128இல் நிற்பதில்லை. 120, 135 என்று எங்கேனும் நிற்கும். பழைய ரிமோட்டில் விலகல் இன்னும் அதிகம். அதனால் நடுவிலிருந்து இரு பக்கமும் 12 வரை 0 என்றே கொள்ளுங்கள். ஆனால் 13இல் மோட்டார் திடீரெனக் குதிக்கக் கூடாது. 12ஐக் கழித்துவிட்டு, மீதமுள்ள தூரத்தை 0 முதல் முழு வேகம் வரை மறுபடி விரித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, ஸ்டிக்கின் தூரமும் வேகமும் நேர்விகிதத்தில் இருக்க வேண்டியதில்லை. ஸ்டிக் மதிப்பை 0 முதல் 1 வரை எடுத்துக்கொண்டு, அதன் மும்மடிப் பெருக்கத்தில் 70 சதவீதத்தையும் அதன் நேர் மதிப்பில் 30 சதவீதத்தையும் கூட்டிப் பாருங்கள். பாதி ஸ்டிக்குக்கு ஏறக்குறைய 24 சதவீத வேகமே வரும். முழு ஸ்டிக்குக்கு முழு வேகம் அப்படியே இருக்கும். ரோபோ சாக்கரில் பந்தருகே மெல்ல நெருங்குவதற்கும், வளையத்துக்குள் பொருளை வைப்பதற்கும் இது பெரிய உதவி. இதைச் சேர்த்த அன்று எங்கள் ஓட்டுநர் மாணவி, "சார், இப்பதான் நான் சொல்றதைக் கேக்குது" என்றார். மோட்டாரை மாற்றவில்லை, மோட்டார் டிரைவர் பலகையை மாற்றவில்லை. மாற்றியது ஒரே ஒரு வரி.

ஸ்டிக்கை வெடுக்கென்று தள்ளினாலும் வேகம் படிப்படியாக ஏறுமாறு ஒரு வரம்பு வையுங்கள். கியர் பற்கள் பிழைக்கும், ரோபோ குடைசாயாது. ஆனால் வேகம் குறையும்போது அந்த வரம்பைத் தளர்த்துங்கள். நிற்பதற்கு எப்போதும் முன்னுரிமை.

எந்தப் பட்டன், எந்த விரல்

இரண்டு கட்டைவிரலும் ஸ்டிக்கில் இருக்கும்போது, வலப்பக்க முக்கோணம், வட்டம் பட்டன்களை அழுத்த வேண்டுமானால் ஒரு கட்டைவிரலை எடுத்தாக வேண்டும். ஒவ்வொரு ஸ்டிக்கும் ஒரு பக்கச் சக்கரத்தை ஓட்டும் அமைப்பில், அந்த நொடியில் ஒரு பக்கச் சக்கரம் நின்றுவிடும், ரோபோ திரும்பிவிடும். ஓடும்போதே செய்ய வேண்டிய பிடித்தல், தூக்குதல், உதைத்தல் எல்லாவற்றையும் ஆள்காட்டி விரல் எட்டும் எல்1, ஆர்1, எல்2, ஆர்2க்குக் கொடுங்கள். நின்ற பிறகு செய்பவை முக்கோணத்துக்கும் வட்டத்துக்கும் போகட்டும்.

பட்டன் வரிசையை நிரல் எழுதுபவர் முடிவு செய்யக் கூடாது. ஓட்டுபவர் முடிவு செய்ய வேண்டும். ரிமோட்டின் படத்தைத் தாளில் வரைந்து, ஓட்டுநரின் கையில் பேனாவைக் கொடுங்கள். ஒரு ஸ்டிக் ஓட்டவும் மற்றொன்று திருப்பவும் அமைந்த ரோபோவில், இடக்கைப் பழக்கம் உள்ள மாணவர் ஒருவர் ஓட்டும் ஸ்டிக்கையும் திருப்பும் ஸ்டிக்கையும் இடம் மாற்றிக் கேட்டார். மாற்றிக் கொடுத்த வாரத்திலேயே அவர் குழுவின் சிறந்த ஓட்டுநர் ஆனார்.

போட்டி நாளில்

அரங்கில் நூற்றுக்கணக்கான கைபேசிகள், வைஃபை, பிற குழுக்களின் ரிமோட்டுகள் எனப் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே இயங்கும். ஒருமுறை எங்கள் ரிசீவர் பக்கத்து மேசைக் குழுவின் ரிமோட்டோடு இணைந்துகொண்டது. அதனால் இணைக்கும் வேலையை அறையிலேயே முடித்து, அரங்கில் மறுபடி சரிபாருங்கள். மாற்று ரிமோட், அதற்கேற்ற ரிசீவர், புதிய பேட்டரி மூன்றும் ஒரே பையில் இருக்கட்டும். போட்டிக்கு ஒரு வாரம் முன்பே நிரலை மாற்றுவதை நிறுத்திவிடுங்கள். அந்த ஏழு நாளும் ஓட்டுநரின் கைக்கு உரியவை.

இன்று ஆய்வகத்துக்கு வரும் முதலாண்டு மாணவர்கள் ரோபோ எவ்வளவு வேகமாக ஓடும் என்றுதான் கேட்கிறார்கள். அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ரோபோவுக்கு முன்னால் நிற்பது உங்கள் நண்பரின் கால். தம்பி, தங்கைகளே, இன்று மாலை உங்கள் ரோபோவை மரக்கட்டை மேல் ஏற்றுங்கள். ஸ்டிக்கை முழுதாகத் தள்ளிப் பிடித்தபடி ரிமோட்டை அணையுங்கள். அடுத்து ரிசீவரின் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். ஒவ்வொரு முறையும் சக்கரம் நின்றால் மட்டும் ரோபோவைத் தரையில் இறக்குங்கள்.