அழுத பிள்ளையும் எழுத்தின் பயனும்

கல்வியின் மாண்பினைத் திருக்குறள் தனி அதிகாரம் வகுத்துப் போற்றுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு கி.பி. 610இல் ஹிரா குகையில் முதன்முதல் அருளப்பெற்ற திருவசனமும் ஓதுமாறு பணிப்பதாகவே அமைந்தது. இத்தகைய மரபிற்குரிய நம் இல்லங்களிலும் பள்ளி செல்ல மறுத்து அழும் பிள்ளைகள் உளர். அப்பிள்ளைக்கு எழுத்தின் அருமை எவ்வாறு புலப்படுகிறது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்ருப் போர் கி.பி. 624இல் நிகழ்ந்தது. சிறைப்பட்ட மக்காவாசிகளுள் மீட்புத்தொகை செலுத்த இயலாதோர், அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெறலாம் என நாயகம் அவர்கள் வழிவகுத்தார்கள். பகைவரையும் ஆசிரியராக்கிய இச்செயலை நாம் மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். ஆனால் அதனோடு தொடர்புடைய மற்றோர் அறிவிப்பை அத்துணை நினைப்பதில்லை. சிறுவன் ஒருவன் அழுதவண்ணம் தந்தையிடம் வந்து, ஆசிரியர் அடித்ததாகக் கூறினான். பத்ரின் பழியை அக்கைதி தீர்த்துக்கொள்கிறான் எனச் சினந்த தந்தை, மகன் இனி அங்குச் செல்லலாகாது எனத் தடுத்துவிட்டார். அத்துணைச் சிறந்த ஏற்பாட்டிலும் ஓர் அடி ஒரு பிள்ளையைக் கல்வியினின்றும் பிரித்தது.

இதற்கு மாறாக அமைந்தது ஸைத் பின் தாபித் (ரலி) அவர்களின் வரலாறு. நாயகம் அவர்கள் மதீனா வந்தபோது அவர் பதினொரு வயதுச் சிறுவர். யூதர்களுடன் மடற்போக்குவரத்து நிகழ்ந்தமையால் அவர்தம் எழுத்தைக் கற்குமாறு நாயகம் பணித்தார்கள். அரைத் திங்களுக்குள் அவர் அதனைக் கற்றுத் தேர்ந்தார். பின்னாளில் அபூபக்கர் (ரலி) அவர்களின் ஆட்சியில் திருக்குர்ஆனைத் தொகுக்கும் பெரும்பணி அவரிடமே ஒப்படைக்கப்பெற்றது. தம் படிப்புக்காக ஒரு மடல் காத்திருக்கிறது என்னும் உணர்வே விரைந்து கற்பித்தது எனலாம்.

இவ்வுண்மையை யாம் ஏழாம் வயதில் எம் இல்லத்திலேயே கண்டோம். பள்ளி மணி ஒலித்தால் நெற்குதிருக்குப் பின் ஒளிந்துகொண்ட பிள்ளை யாம். எம் பாட்டியார் அரபுத்தமிழ் நூல்களைத் தடையின்றி ஓதுவார். அரபு எழுத்தில் தமிழை எழுதிப் படிக்கும் அம்மரபில் வளர்ந்த அவர், தமிழ் எழுத்தை அறியார். ஒருநாள் சவூதியிலிருந்து எம் சிறிய தந்தையாரின் கடிதம் வந்தது. பெற்றோர் வெளியூர் சென்றிருந்தனர். "நீ படி வாப்பா" எனப் பாட்டியார் கடிதத்தை எம் கையில் தந்தார். யாம் எழுத்துக்கூட்டிப் படித்தோம். அடுத்த ஆண்டு, இறைவன் நாடினால், தாயை ஓரிடத்திற்கு அழைத்துச் செல்வதாக எழுதியிருந்தார். அவ்விடத்தின் பெயரில் இருந்த இரண்டெழுத்துகளை யாம் இன்னும் கற்கவில்லை. பாட்டியார் ஊகித்துக்கொண்டார். எனினும் ஊகத்தை நம்பத் துணியாமல் இரவெல்லாம் கடிதத்தைத் தலையணையடியில் வைத்திருந்தார்.

மறுநாள் எவரும் அழைக்காமலே பள்ளிக்கு ஓடினோம். ஆசிரியர் அவ்வெழுத்துகளைப் பலகையில் எழுதிக் காட்டினார். அவை 'ஹ', 'ஜ்' என்பன. அச்சொல் 'ஹஜ்'. வீடு திரும்பி யாமே அவ்வரியைப் படித்தோம். பாட்டியார் மும்முறை படிக்கச் செய்து கேட்டார். அதன்பின் யாம் குதிருக்குப் பின் ஒளிந்ததில்லை.

எனவே, ஆசிரியப் பெருமக்களும் ஊர்ப் பெரியோரும் கருதத்தக்கது ஒன்றுண்டு. தன் படிப்பு பிறர்க்குப் பயன்படுவதைப் பிள்ளை கண்ணாரக் காணல் வேண்டும். மருந்துச் சீட்டையும் திருமண அழைப்பையும் முதியோர்க்குப் படித்துக்காட்டும் வாய்ப்பினைப் பிள்ளைக்கு அளியுங்கள். தடுமாறுங்கால் பொறுமையுடன் காத்திருங்கள். பிரம்பு கற்பிக்காததை அக்காத்திருப்பு கற்பிக்கும்.