மீண்டும் கூடிய இசைக்குழு

'ராக்' இசை என்றவுடன் நம்மில் பலர் காதைப் பொத்திக்கொள்வர். ஹெப்பகோடியில் என் அடுத்த அறை நண்பர்கள் நாள்தோறும் அதைத்தான் செய்கின்றனர். ஒசூர்ச் சாலை லாரிகளின் ஓசை போதாதா என்பது அவர்கள் கட்சி. அவர்களும் இக்கட்டுரையைப் படிக்கலாம். நான் ஆராய்வது ஓசையை அன்று. பிரிந்துபோன குழு ஒன்று பல்லாண்டு கழித்துக் கூடி ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டால், அது பழைய குழுதானா? இதுவே என் வினா.

நான் உயிர்வேதியியல் பயில்பவன்; எனவே எனக்கு வாய்த்த உவமையும் அத்துறையதே. அன்ஃபின்சன் என்னும் அமெரிக்க அறிஞர் ரிபோநியூக்ளியேஸ் என்ற புரதத்தை யூரியாக் கரைசலில் இட்டு, அதன் கந்தகப் பிணைப்புகளையும் முறித்து, மடிப்புகளை முற்றும் குலைத்தார். பின்னர் அப்பொருள்களை நீக்கவே, புரதம் தானாகவே மடிந்து பழைய வடிவை எய்தியது. பழைய தொழிலையும் செய்தது. 1972-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அதே உறுப்புகள் கூடினால் அதே வடிவம் வரும் என்பது இதன் கருத்து.

மனிதர் கூடினாலும் அப்படித்தானா? இங்கிலாந்தின் 'டீப் பர்ப்பிள்' குழுவைப் பாருங்கள். புகழ்பெற்ற ஐவரில் இருவர் 1973-இல் விலகினர். 1976-இல் குழுவே கலைந்தது. 1984-இல் அதே ஐவரும் கூடிப் 'பர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டனர். 'முற்றிலும் அந்நியர்' என்று பொருள்படும் அத்தலைப்பைக் குறும்பு என்றே நான் கொள்கின்றேன். இசை பழைய மிடுக்கோடு வந்தது. பழைய பூசலும் உடன் வந்தது. 1989-இல் பாடகர் கில்லன் நீக்கப்பட்டார். அவர் 1992-இல் திரும்பிவர, மறு ஆண்டே கித்தார்க் கலைஞர் பிளாக்மோர் வெளியேறினார். உறுப்புகள் அவையே, ஆயினும் மடிப்பு நிலைக்கவில்லை.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. அதனை எனக்கு அறிமுகம் செய்தவர் எங்கள் ஆய்வகத்து மூத்த மாணவர் ஒருவர். மும்பையில் 1984-இல் 'ராக் மெஷின்' என்னும் ஹார்ட் ராக் குழு தோன்றியது. பிறர் பாட்டை இசைப்பதே வழக்கமாயிருந்த அந்நாளில், 1988-இல் 'ராக் அண்ட் ரோல் ரெனகேட்' என்று தம் சொந்தப் பாடல்களையே தொகுத்து வெளியிட்டனர். 1993-இல் 'இண்டஸ் கிரீட்' என்று பெயர் மாற்றினர். 1997-இல் பிரிந்தனர். பாடகர் உதய் பெனகல் நியூயார்க் சென்றார். 2010-இல் மீண்டும் கூடினர். 2012-இல் 'இவால்வ்' வெளிவந்தது. முந்தைய தொகுப்புக்கும் இதற்கும் இடையே 17 ஆண்டுகள்!

பெனகல், கித்தார் மகேஷ் தினாய்கர், விசைப்பலகை ஜூபின் பலபோரியா ஆகிய மூவர் பழையவர். பாஸ் கித்தாருக்கு ருஷத் மிஸ்திரியும் டிரம்சுக்கு ஜெய் ராவ் காவியும் புதியவர். இதனைச் சிறு மாற்றமென்று தள்ளிவிடலாகாது. இவ்விசையில் டிரம்சும் பாஸ் கித்தாருமே அடித்தளம். தாளத்தில் ஓர் அடி இம்மியளவு முந்தினால் பாட்டு விரையும், பிந்தினால் கனக்கும். அடித்தளம் மாறினால் மேலே நிற்கும் பழைய கைகளும் வேறுவிதமாகவே நிற்க வேண்டும். மிருதங்கக்காரர் மாறிய கச்சேரியைக் கேட்டவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மெட்ரோவில் போகையிலும் வருகையிலும் இரு தொகுப்புகளையும் மாறி மாறிக் கேட்டேன். 1988-இன் துள்ளல் பின்னதில் இல்லை. பாட்டு நிதானமாக விரிகின்றது. பழைய அன்பர் சிலர்க்கு இது ஏமாற்றமாயிருக்கலாம். முதல் இருமுறை எனக்கும் அப்படியே இருந்தது. 'இவால்வ்' என்றால் படிப்படியாய் மாறி வளர்தல். பழைய வடிவுக்குத் திரும்புவதாக அவர்கள் வாக்களிக்கவே இல்லை! புரத உவமை இங்கே உடைகின்றது. உடையட்டும், சோதனைக் குழாயில் 13 ஆண்டுகள் கழிவதில்லை.

இவ்வளவு ஆராயக் காரணம் உண்டு. தருமபுரியில் கல்லூரி நாளில் நாங்கள் நால்வர் ஒரு குழு நடத்தினோம். பிறர் பாட்டா, சொந்தப் பாட்டா என்ற சச்சரவில் பிரிந்தோம்; பிறர் பாட்டே போதும் என்று பிடிவாதம் பிடித்தவன் நானே. இப்போது ஒசூரில் பணிபுரியும் கித்தார் நண்பன், நம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு மீண்டும் கூடுவோம் என்கின்றான். டிரம்ஸ் நண்பன் சிங்கப்பூரில் இருக்கின்றான். ஆள் மாறினால் அது நம் குழுவன்று என்று இரு மாதங்களாய் மறுத்துவந்தேன்.

சென்ற வாரம் இசைந்துவிட்டேன். வரும் ஞாயிறன்று அவன் அத்திப்பள்ளி வழியே வருகின்றான், தான் எழுதிய புதுப் பாட்டோடு. டிரம்ஸ் பழகிய முதலாண்டு மாணவர் ஒருவரும் வருவதாகச் சொல்லியிருக்கின்றார். சிங்கப்பூர் நண்பனுக்கு மட்டும் நான் இன்னும் எழுதவில்லை.