மூன்று வழி தெரிந்த டாக்டர்

திங்கள்கிழமை காலை ஓபி. முந்தின நாள் கபடியில் முழங்கால் திரும்பிய பையன், நண்பன் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி வருகிறான். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது. ஒரு வலி ஊசி, கிரேப் பேண்டேஜ், 5 நாளுக்கு மாத்திரை. கும்பிட்டுவிட்டுப் போகிறான். மூன்று வாரத்தில் வீக்கம் வற்றுகிறது, மறுபடி களத்தில் இறங்குகிறான். ரெய்டு போய்த் திரும்பும்போது முழங்கால் நழுவுகிறது. இந்த முறை ஜவ்வோடு மெனிஸ்கஸும் கிழிகிறது. திருச்சியில் ஸ்கேன் பார்க்கும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி: "முதல்ல யார்கிட்ட காட்டினீங்க?" அங்கே உங்கள் பெயர் வரும்.

எம்பிபிஎஸ் முடித்து, புதுக்கோட்டை மாவட்டத்தில் கொடும்பாளூர், விராலிமலைப் பக்கம் கிளினிக் போட்டிருப்பவர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்தவர், பிசியோதெரபி படித்துவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியவர் ஆகியோருக்குத்தான் இதை எழுதுகிறேன். ஊசியும் மாத்திரையும் எல்லோரிடமும் ஒன்றுதான். அடுத்த தெருவில் இருப்பவரிடமிருந்து உங்களை வேறுபடுத்தும் ஸ்கில், யாரை எப்போது எங்கே அனுப்புவது என்று தெரிந்திருப்பது.

கொடும்பாளூருக்கு இந்த வேலை பழகியதுதான். சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் புறப்பட்ட கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் வழி சொல்லும்போது, கொடும்பை என்ற இந்த ஊரில் பாதை மூன்றாகப் பிரியும் என்கிறான். வலப்பக்கம் போனால் எந்த மலை வரும், இடப்பக்கம் போனால் எது வரும், நடுவழியில் மயக்க வரும் தெய்வம் எது என்று ஒவ்வொரு வழியின் ஆபத்தையும் சேர்த்தே சொல்லி அனுப்புகிறான். நல்ல ரெஃபரல் அப்படித்தான் இருக்க வேண்டும். உங்கள் டேபிளுக்கு முன்னாலும் மூன்று வழி பிரிகிறது.

1. முதல் வழி: 108. இதில் யோசிக்க நேரம் கிடையாது. மூட்டு சிவந்து சூடாகி, கூடவே காய்ச்சல். விலகிய மூட்டுக்குக் கீழே நாடி இல்லை. முதுகுவலியோடு சிறுநீர் போகவில்லை, மலவாய்ப் பகுதி மரத்துவிட்டது. நாட்டுக் கட்டுப் போட்ட கையில் விரலை லேசாக நீட்டினாலே உயிர் போகிற வலி. அந்தக் கட்டை அங்கேயே அவிழ்த்துவிட்டுப் பிறகு அனுப்புங்கள். ஓடும்போதே மயங்கி விழுந்தவருக்கு முதலில் இசிஜியும் இதய டாக்டரும்தான். அவர்கள் சரி என்று சொல்லும்வரை மைதானம் கிடையாது. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் தச்சங்குறிச்சியில் தொடங்குகிற மாவட்டம் இது. வயிற்றில் கொம்பு குத்திய சின்ன ஓட்டையைத் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பும் தவறை ஒருநாளும் செய்யாதீர்கள்.

2. இரண்டாவது வழி: ஆர்த்தோ சர்ஜன். முறிவு, பூட்டிக்கொண்டு நீளாத முழங்கால், அறுந்த குதிகால் தசைநார் எல்லாம் அவருடையவை. 10 முதல் 15 வயதுப் பிள்ளை முழங்கால் வலிக்கிறது என்று நொண்டி வந்தால் இடுப்பையும் எக்ஸ்ரே எடுங்கள். இடுப்பு மூட்டுப் பந்து நழுவியிருந்தாலும் வலி முழங்காலில் மட்டுமே தெரியலாம். தெரியவந்தால் அன்றே, நடக்கவிடாமல் அனுப்ப வேண்டும்.

3. மூன்றாவது வழிதான் பலருக்குத் தெரியாத வழி: ஸ்போர்ட்ஸ் அண்ட் எக்ஸர்சைஸ் மெடிசின் ஸ்பெஷலிஸ்ட். கத்தி எடுக்காத டாக்டர். காயம் ஏன் வந்தது, எத்தனை நாளில் ஆறும், எந்தப் பயிற்சியை எந்த அளவில் தொடங்குவது, எப்போது மறுபடி ஆடலாம் என்பது அவர் வேலை. பிரிட்டனில் 2005இல் இது தனி ஸ்பெஷாலிட்டியாக அங்கீகாரம் பெற்றது. இந்தியாவில் எம்டி ஸ்போர்ட்ஸ் மெடிசின் படிப்பு இருக்கிறது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையின் விளையாட்டுக் காய மையம், காமன்வெல்த் போட்டி நடந்த 2010இல் திறக்கப்பட்டது. நமக்குப் பக்கம் என்றால் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா. பந்துவீச்சு ஆக்‌ஷனைச் சோதிக்க ஐசிசி அங்கீகரித்த ஆய்வகம் உள்ள இடம். போர்டில் 'ஸ்போர்ட்ஸ் கிளினிக்' என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். டிகிரி என்ன, சர்ஜனா, ஃபிசிஷியனா, பிசியோவா என்று பார்த்துவிட்டு நம்பரை சேவ் செய்யுங்கள்.

இந்த மூன்றாம் வழிக்கு யார் வருவார்கள்? கொடும்பாளூரில் விளையாட்டு வீரர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். விடியற்காலையில் நெடுஞ்சாலை ஓரம் ஓடுகிற பையன்களைப் பாருங்கள். கான்ஸ்டபிள் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடித்தாக வேண்டும். நோட்டிஃபிகேஷன் வந்த பிறகு ஓட ஆரம்பித்து, இரண்டே வாரத்தில் தூரத்தை மூன்று மடங்காக்கி, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். எலும்பு நெடுக வலி பரவியிருந்தால் ஓட்டத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கும். ஒரு விரல் நுனி வைக்கிற இடத்தில் மட்டும் சுரீர் என்றால் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரை நினையுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரே நார்மலாகவே வரலாம்; அதை நம்பி "ஓடலாம்" என்று சொல்லிவிடாதீர்கள். ஒற்றைக் காலில் குதித்தால் தொடை இடுக்கில் வலி என்றால் தொடை எலும்புக் கழுத்தில் விரிசல் இருக்கலாம். ஊன்றுகோல் கொடுத்து அன்றே எம்ஆர்ஐக்கு அனுப்புங்கள். ஓடுகிற பெண்ணுக்கு மாதவிடாய் நின்றிருந்தால் அதையும் கேட்டு எழுதுங்கள்: சாப்பாடு போதாத உடம்பில் எலும்பும் மெலியும்.

கான்ஸ்டபிள் வேலை அந்தக் குடும்பத்தில் முதல் அரசு வேலையாக இருக்கலாம். ஆறு வாரம் முன்பே சரியான இடத்துக்கு அனுப்பியிருந்தால் கிடைத்திருக்கும் வேலை, ஒரு வலி ஊசியால் கைநழுவும். எனக்கு இந்த விஷயத்தில் இருக்கும் கோபம் அதுதான்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. சர்க்கரையும் முழங்கால் தேய்மானமும் சேர்ந்தவர்கள். "நடங்க" என்றால் "கால் வலிக்குது டாக்டர்" என்பார்கள். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த 150ஐ வலிக்கிற காலுக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பது மாத்திரை டோஸ் போலவே ஒரு கணக்கு. இவர்களை எல்லாம் சென்னைக்கு அனுப்ப வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருகிறார். அவரோடு முதலில் பழகிக்கொள்ளுங்கள்.

4. அனுப்புவதற்கு முன் உங்கள் வேலையை முடியுங்கள். வெறும் கையோடு அனுப்புகிறவரை ஸ்பெஷலிஸ்ட் ஒரு முறை பொறுத்துக்கொள்வார். கணுக்கால் சுளுக்கா? கணுக்கால் முண்டின் பின்விளிம்பை அழுத்தினால் வலியா, நாலு எட்டு வைக்க முடிகிறதா என்று பாருங்கள். கனடாவிலிருந்து வந்த ஒட்டாவா விதி இது; தேவையில்லாத எக்ஸ்ரே பல மிச்சமாகும். முழங்கால் என்றால் இரண்டு கேள்வி: 'டொப்'பென்று சத்தம் கேட்டதா? வீக்கம் இரண்டு மணி நேரத்துக்குள் வந்ததா, மறுநாள் வந்ததா? உடனே வீங்கினால் மூட்டுக்குள் ரத்தம்; முன் ஜவ்வு போயிருக்க வாய்ப்பு அதிகம். லாக்மன் டெஸ்ட்டை 20 முழங்காலிலாவது செய்து கை பழக்குங்கள். நல்ல முழங்காலை முதலில், அடிபட்டதை அடுத்து.

5. லெட்டர். "முழங்கால் வலி, பார்த்து ஆவன செய்யவும்" என்று பிரிஸ்கிரிப்ஷன் தாளில் எழுதுவது லெட்டர் ஆகாது. அரைப் பக்கம் போதும். என்ன விளையாட்டு அல்லது வேலை, எந்த இடத்தில் ஆடுகிறார், அடிபட்ட விதம், தேதி, நீங்கள் கண்டது, காணாதது, கொடுத்த மருந்து, அது கேட்டதா. கடைசியாக உங்கள் கேள்வி. 'ஏப்ரலில் ஃபிசிக்கல் இருக்கிறது, ஓட முடியுமா?' என்று கேட்டால் பதிலும் அதே கூர்மையோடு வரும். உங்கள் மொபைல் நம்பரைத் தெளிவாக எழுதுங்கள். நல்ல லெட்டரை எழுதியவரை ஸ்பெஷலிஸ்ட் மறப்பதில்லை. மறுமுறை போன் செய்தால் எடுப்பார். உங்களுக்கு விசிட்டிங் கார்டே அதுதான்.

6. தூரத்தைக் குறையுங்கள். திருச்சி சுமார் 40 கிலோமீட்டர், சென்னை ஒரு இரவு பஸ். கூலி வேலை செய்யும் அப்பாவுக்கு இரண்டு நாள் சம்பளம் போகும். 2020 மார்ச் முதல் டெலிமெடிசினுக்கு முறையான வழிகாட்டு நெறிகள் உண்டு. ஸ்கேனையும் நடக்கிற வீடியோவையும் அனுப்பி, உங்கள் கிளினிக்கில் நோயாளியை உட்காரவைத்து வீடியோவில் பேசவையுங்கள். நேரில் போயே ஆக வேண்டியவர்கள் மட்டும் போகட்டும். போகிறவரிடம் என்ன செய்வார்கள், என்ன செலவு, எத்தனை முறை வர வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் திருச்சி பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கிச் சுளுக்கு எடுப்பவரிடம் போவார். அவரைத் திட்டிப் பயனில்லை. நாம் விட்ட இடத்தைத்தான் அவர் நிரப்புகிறார்.

7. மாநில, தேசிய அளவில் ஆடுகிறவர் என்றால் பேனாவை எடுக்கும் முன் நிறுத்துங்கள். ஸ்டெராய்டு ஊசி எந்த வழியாகப் போட்டாலும், 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. நீர் பிரிக்கும் மாத்திரை எப்போதுமே தடை. இன்சுலினுக்குக்கூட முன்அனுமதி வேண்டும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் புதுப்பிக்கப்படுகிறது. உங்கள் சீட்டால் ஒரு வீரரின் பல வருட உழைப்பு பறிபோகக் கூடாது. சந்தேகம் வந்தால் எழுதாமல் ரெஃபர் செய்யுங்கள்.

8. ரகசியம். இதே மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனைக்குப் பிறகு பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு பெண்ணின் உடம்பு ஊர் உலகத்துக்கே செய்தியானது. இந்த மண்ணில் தொழில் செய்கிறவர் அதை மறக்கக் கூடாது. ரிப்போர்ட் நோயாளியின் கையில். கோச் கேட்டாலும், பி.டி. வாத்தியார் கேட்டாலும், வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவாகப் போகக் கூடாது.

9. கமிஷன் வாங்காதீர்கள். ஸ்கேன் சென்டர்காரர்கள் கவரோடு வருவார்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் அதைத் தடை செய்கின்றன. சட்டத்தை விடுங்கள், தொழில் கணக்காகவே பாருங்கள்: எங்கே அனுப்பினாலும் உங்களுக்கு லாபம் என்று ஊர் நினைத்துவிட்டால் நீங்கள் சொல்லும் வழியில் ஒருவரும் போகமாட்டார்கள்.

10. திரும்பி வருகிறவர் உங்களுடையவர். ஜவ்வு ஆபரேஷன் முடிந்த பையனுக்கு ஒன்பது மாதத்துக்கு முன் களம் கிடையாது. அவசரப்பட்டவர்களுக்கு மறுபடி கிழிவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மூன்றாவது மாதமே வலி இருக்காது, டீம் கூப்பிடும். அந்த ஆறு மாதம் அவனைப் பிடித்து வைப்பது சென்னையில் இருப்பவரால் ஆகாது. உங்களால் ஆகும். டயரியில் ஆபரேஷன் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை போன். தொடைச் சுற்றளவை இரண்டு காலிலும் டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். ஒற்றைக் காலில் எத்தனை தூரம் தாவுகிறான் என்று கிளினிக் வாசலில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். அடிபட்ட கால் நல்ல காலின் 90 சதவீதத்தைத் தொடும் நாளில், அந்த நம்பரை ஸ்பெஷலிஸ்ட்டுக்கு ஒரு மெசேஜாக அனுப்பி, ஆடலாமா என்று கேளுங்கள்.