தடைப்பட்ட பயணமும் திரும்ப வேண்டிய பணமும்

வளைகுடாவுக்கு வேலைக்குப் போவோருக்கும் உம்ரா செல்வோருக்கும் விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் சகோதரர் ஒருவர், கொரோனா காலத்துக் கணக்கொன்றைச் சுமந்துகொண்டு நம்மிடம் வந்தார். குலசேகரன்பட்டினத்துத் தாயார் ஒருவரின் உம்ராப் பணம். பக்கத்து மணப்பாட்டுக் கிறிஸ்தவக் கடலோடி ஒருவரின் டிக்கெட் பணம். இரண்டும் விமானக் கம்பெனியிலிருந்து திரும்பி வந்து, கடை வாடகையில் கரைந்துவிட்டன. "ஹஜ்ரத், தடை வந்தது அல்லாஹ்வின் நாட்டம். டிக்கெட் எடுத்துக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது. இன்னும் கொடுக்கத்தான் வேண்டுமா?" என்றார். இக்கேள்வி பலருக்கும் உரியதாகையால் ஈண்டு எழுதுகிறோம்.

2020 பிப்ரவரி 27 அன்று சவூதி அரசு வெளிநாட்டு உம்ராப் பயணிகளின் வருகையை நிறுத்தியது. மார்ச் பிற்பகுதியில் நம் நாட்டிலும் பன்னாட்டு விமானங்கள் நின்றன. இத்தடையை மார்க்கத்திற்கு முரணெனச் சிலர் பேசினர், அது அறியாமை. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்லாதீர்கள், அங்கிருந்து தப்பி வெளியேறவும் செய்யாதீர்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. ஷாம் நாட்டை நோக்கிச் சென்ற உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்னுமிடத்திலிருந்து திரும்பியது இதற்கு இசைவாகவே அமைந்தது.

இஹ்ராம் உடையோடு விமான நிலையத்திலிருந்து திரும்பியவர்களின் சட்டம் வேறு. உடை மட்டும் உடுத்தி நிய்யத் செய்யாதவர்மீது ஒன்றுமில்லை. நிய்யத் செய்தபின் தடுக்கப்பட்டவர் முஹ்ஸர் ஆவார். ஷாஃபிஈ மத்ஹபின்படி அவர் தடுக்கப்பட்ட இடத்திலேயே, இஹ்ராமிலிருந்து விடுபடும் நிய்யத்துடன் ஓர் ஆட்டை அறுத்து முடி களைய வேண்டும். ஹிஜ்ரி 6-ல் ஹுதைபிய்யாவில் நடந்தது இதற்கு ஆதாரம்.

இனிப் பணத்திற்கு வருவோம். டிக்கெட் என்பது இஜாரா ஒப்பந்தம். கட்டணம் என்பது ஏற்றிச் செல்லும் பயனுக்கான கூலி. விமானம் பறக்க, பயணி தன் விருப்பத்தால் போகாதிருந்தால் பேசிய நிபந்தனைப்படி நடக்கட்டும். விமானமே பறக்கவில்லையெனில் பயன் கைக்கு வரவில்லை, கூலி எதற்கு? பழம் விற்றபின் இயற்கைச் சேதத்தால் அது அழிந்தால், சகோதரனின் பொருளை எந்த உரிமையில் எடுப்பீர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கேட்டதாக முஸ்லிம் நூலில் ஹதீஸ் உண்டு. "அல்லாஹ்வின் நாட்டம்" என்ற சாக்கு அங்கே செல்லவில்லை என்பதைக் கவனிக்க.

நாட்டுச் சட்டமும் இதையே சொல்லிற்று. 2020 ஜூன் 23 அன்று, அவ்வாண்டு ஹஜ்ஜுக்கு விண்ணப்பித்தோரின் பணம் பிடித்தமின்றித் திரும்பும் என மத்திய அரசு அறிவித்தது. அக்டோபர் 1 அன்று சுப்ரீம் கோர்ட், ஊரடங்கால் ரத்தான டிக்கெட்டுகளின் பணத்தைத் திருப்பவும், ஏஜெண்டிடம் வந்த தொகையை அவர் உடனே பயணியிடம் சேர்க்கவும் உத்தரவிட்டது. பண நெருக்கடியிலுள்ள கம்பெனிகள் 2021 மார்ச் 31 வரை அத்தொகையைப் பயணியின் பெயரில் வரவு வைத்துக்கொள்ளலாம். அதற்கு 2020 ஜூன் 30 வரை மாதம் 0.5 சதவீதமும், பின்னர் 0.75 சதவீதமும் கூடும் என்றது.

இந்தக் கூடுதலைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒப்பந்தம் முறிந்தபின் முதல், கம்பெனியின் மீது கடனாகிறது. கடனின் தவணைக்காகக் கூடுவது வட்டியே. ரொக்கமாக வந்திருந்தால் முதலை வைத்துக்கொண்டு, மிகுதியை நன்மை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுக. அடுத்த டிக்கெட்டின் விலையில் கழிந்திருந்தால் அதைத் தள்ளுபடி என்று கொள்வோரும் உளர். பேணுதல் உடையோர் அதையும் கணக்கிட்டுக் கொடுப்பர்.

அச்சகோதரரிடம் நாம் சொன்னது: உம்மிடம் திரும்பி வந்த பணம் அமானத்து. முன்கூட்டியே பேசிய தரகுக் கூலியையும், அவர்கள் அனுமதியுடன் செலவிட்டுத் திரும்ப வராத தொகையையும் கணக்குக் காட்டிக் கழிக்கலாம். பேசாத கூலியை இப்போது புதிதாகக் கண்டுபிடிக்கலாகாது. தாயாருக்கு ஒரு சட்டம், கிறிஸ்தவருக்கு ஒரு சட்டம் என்றும் இல்லை. ஹிஜ்ரத் இரவில் தம்மைக் கொல்ல வந்தோரின் அமானத்துகளையும் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் விட்டுச் சென்றார்கள். மணப்பாட்டாரோ உம்மை நம்பிப் பணம் தந்தவர்!

கையில் இப்போது இல்லையெனில், இருவரிடமும் நேரில் உண்மையைச் சொல்லித் தவணை கேட்க வேண்டும். தாமாகத் தவணை வகுத்துக்கொள்வது கூடாது. கடலோடி கப்பலேறியிருந்தால், அவரிடம் போனில் கேட்டு, அவர் சொல்லும் ஆளிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்க.